மழுங்காத கத்திகள்

எங்கள் வீட்டில் மொத்தம் இருபத்து மூன்று மடக்குக் கத்திகள் இருந்தன. பிள்ளை ஒன்றுகூட இல்லை. மாதா கோவில் வாசலில் யாராவது இதை ஜாடையாகப் பேச ஆரம்பித்தால் நான் முந்திக்கொண்டு, "இருபத்து மூணு பெத்தேன், எல்லாம் டின்னுக்குள்ள மடங்கிப் படுத்திருக்கு" என்று சொல்லிவிடுவேன். சிரித்துவிட்டுப் போவார்கள். பிறத்தியார் குத்துவதற்கு முன்னால் நானே குத்திக்கொள்வது என் சுபாவம்.

என் வீட்டுக்காரர் பாக்கியநாதன், பினாங்குத் துறைமுகத்து வெல்ட் கீயில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். பெயரைச் சொல்லிவிட்டேன். பதினோரு வருஷம் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். சொல்லாமல் காத்து என்ன கண்டேன்? இப்போது கேட்கிறவர்களிடம் எல்லாம் தாராளமாகச் சொல்கிறேன்.

சுமத்ராவிலிருந்தும் கெடாவிலிருந்தும் வருகிற பாக்கு மூட்டைகளைத் தரம் பார்ப்பது அவர் வேலை. மூட்டைக்கு மூன்று பாக்கு எடுத்துப் பிளந்து, உள்ளே பூச்சி இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற கிராணிகள் கிட்டங்கியில் கிடக்கிற பாக்குவெட்டியை எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு அது ஆகாது. பாக்குவெட்டி நசுக்கும், கத்திதான் உள்ளதை உள்ளபடி காட்டும் என்பார். பாக்கின் கண்ணில் முனையை வைத்து ஓர் அழுத்து, இரண்டு பாதியாக விழும். சீன முதலாளிகளான தவுக்கேமார்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்ப்பார்களாம். இதை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஆகையால் பாதியைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

கத்திகள் ஒரு பழைய பிஸ்கோத்து டின்னில் இருந்தன. மான்கொம்புப் பிடி போட்ட ஷெபீல்டு கத்தி, முத்துச்சிப்பிப் பிடி போட்ட சின்னப் பேனாக்கத்தி, கப்பல்காரர்கள் கயிற்று முடிச்சு அவிழ்க்க முள் வைத்திருக்கும் கத்தி, பித்தளைத் தகட்டை மடித்துப் பிடியாக்கிய ஜப்பான் கத்தி, இப்படி ஊருக்கு ஒன்று. சிலது மாலுமிகளிடம் பேசி வாங்கியது, மிச்சம் சூலியா தெருவில் நூர் முகம்மது அண்ணனின் பழைய சாமான் கடையில் வாங்கியது. கத்தியைத் திறக்கும்போது வில் போடுகிற சத்தத்தை வைத்தே இது எந்த ஊர் என்று சொல்வார். எனக்கு எல்லாம் ஒரே 'டக்'தான்.

காலையில் நான் என்ன குழம்பு வைப்பது என்று யோசிக்கிற நேரத்தில் அவர் எந்தக் கத்தியை எடுத்துப்போவது என்று யோசித்துக்கொண்டிருப்பார். எடுத்தது கோட்டுப் பைக்குள் போகும். அதற்குப் பிறகு அந்தக் கத்திக்கு ஓய்வு கிடையாது. பென்சில் சீவ, கடிதம் பிரிக்க, மூட்டைக் கயிறு அறுக்க, கூலியாட்கள் காலில் ஏறின முள்ளை எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். வெல்ட் கீயில் யாருக்கு எது அறுக்க வேண்டுமானாலும் "கத்திக் கிராணி எங்க?" என்றுதான் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அத்தனையையும் வரிசையாக வைத்துத் துடைப்பார். என் தையல் மெஷின் எண்ணெய்தான் அதற்குச் செலவு. "மெஷினுக்கு வாங்கினது மெஷினுக்குப் போகுதா பாருங்க" என்று நான் கத்துவேன். அவர் இன்னும் இரண்டு சொட்டு ஊற்றிக்கொள்வார்.

இருபத்தேழாம் வருஷம் அவருக்கு எஃகின் மேல் கோபம் வந்தது. இப்போது வருகிற கத்தி எதிலும் கூர் நிற்பதில்லை என்று புலம்ப ஆரம்பித்தார். கூர் பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. கட்டை விரல் சதையைக் கத்தியின் வாய்க்குக் குறுக்கே லேசாகத் தடவுவார். கூர் இருந்தால் விரலைப் பிடிக்கும், மழுங்கியிருந்தால் வழுக்கும். அவருக்கு எல்லாக் கத்தியும் வழுக்கியது. தீட்டினார், தீட்டினார், கல்லே பள்ளமாகிவிட்டது.

ஆறு மாசத்தில் ஐந்து கத்தி புதிதாக வாங்கினார். வாங்கி வந்த அன்று முகம் மலர்ந்திருக்கும். மறுநாள் அதுவும் மழுங்கல் என்பார். நூர் முகம்மது அண்ணன் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டி நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"பளபளன்னு தொடச்சு வச்சு மழுங்கக் கத்திய விக்கிறீங்களே, நியாயமா அண்ணே?" என்று கடை வாசலில் நின்று கேட்டேன்.

பாவம் அவர், கல்லாவை விட்டு இறங்கி வந்தார். நான் கொண்டுபோன கத்தியைத் திறந்து, ஒரு தாளை அந்தரத்தில் பிடித்து, ஒரே இழுப்பில் இரண்டாக்கிக் காட்டினார்.

"இது மழுங்கலா அக்கா? கத்தியில ஒரு கொறையும் இல்லலா. அண்ணனுக்குத்தான் வேற என்னமோ" என்றார்.

நான் அதையும் திமிராகத்தான் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் மெஷினில் ஒரு கல்யாணப் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். மான்கொம்புக் கத்தியைத் தீட்டி முடித்து விரலால் தடவிப் பார்த்தார். "இதுவும் போச்சு ஜூலியானா, வழுக்குது" என்றார். மறுபடி தடவினார். மறுபடி. நான் திரும்பிப் பார்த்தபோது செய்தித்தாள் சிவப்பாக நனைந்திருந்தது.

"ஏங்க, ரத்தம்!"

"எங்க?" என்றார்.

கட்டை விரல் மூன்று இடத்தில் பிளந்து, ரத்தம் மணிக்கட்டுவரை ஒழுகிக்கொண்டிருக்கிறது. அவர் எங்கே என்று தேடுகிறார். கத்தியைப் பார்க்கிறார், தாளைப் பார்க்கிறார், கடைசியில்தான் கையைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று கையை வேட்டியில் மறைத்துக்கொண்டார். காயத்தை மூடுகிறவன் அப்படி மூடமாட்டான். மெஷினை விட்டு எழுந்தேன்.

அவர் முழங்கைக்கு மேல் ஒரு வெளிர்ப் படை இருந்தது. தேமல் என்று நினைத்து ஒரு வருஷமாக மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தையல்காரிக்கு ஊசிக்குப் பஞ்சமா? சுண்டு விரலில் மெதுவாகக் குத்தினேன். அசையவில்லை. அடுத்த விரலில் குத்தினேன். பிறகு கொஞ்சம் ஆழமாக. கண்ணில் தண்ணீர் வந்து அவர் தோளில் விழுந்தது. அது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

"இன்னும் ஆழமா குத்து, ஒண்ணும் தெரியாது" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"எப்ப இருந்து?"

"ஈஸ்டருக்கு முந்தி, தபசு காலத்துல இருந்து. மொதல்ல கத்திதான் மழுங்கிப்போச்சுன்னு நெனச்சேன். நெசமா அப்படித்தான் நெனச்சேன், ஜூலியானா. அப்புறம் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்துரலாம்னு இருந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து கத்தி வாங்கியது ஆசையால் இல்லை. ஏதாவது ஒரு கத்தியாவது விரலுக்குத் தெரியாதா என்று தேடியிருக்கிறார்.

எங்கள் பக்கம் யாரும் குஷ்டம், பெருநோய் என்று வாயால் சொல்லமாட்டார்கள். 'ஜெரஜாக் போயிட்டார்' என்பார்கள். பினாங்குப் பட்டணத்துக்குத் தெற்கே கண்ணுக்கெட்டுகிற தூரத்தில், இந்த நோய்க்காரர்களை வைத்திருக்கிற தீவுதான். நோய் இருப்பது தெரிந்தால் சர்க்கார் ஆட்கள் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், சட்டம் அப்படி. போனவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. எனக்கு அந்த மனுஷரை விட்டால் உலகத்தில் வேறு நாதி கிடையாது. ஆகவே மறைப்பது என்று முடிவு செய்தேன். அவரைக் கேட்கவில்லை, நானே முடிவு செய்தேன்.

படை தெரியாமல் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். இந்த நோய்க்கு மருந்து என்று நீரடிமுத்து எண்ணெய் வாங்கிவந்து குடிக்க வைத்தேன். குடித்துக் குடித்து வாந்தி எடுத்தார். தினமும் சாயங்காலம் உள்ளங்கை, விரலிடுக்கு, பாதம் எல்லாம் நானே பார்த்து, காயம் இருந்தால் கட்டினேன். எல்லாம் சரிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இனிமே கத்தி வேணாம். உங்க கையி உங்கள காட்டிக் குடுக்கறது கத்தியாலதான்" என்றேன்.

"கத்தி இல்லாம கிட்டங்கிக்குப் போறது வேட்டி இல்லாம போற மாதிரி, ஜூலியானா. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"பாத்தா பாக்கட்டும். மறந்துட்டேன்னு சொல்லுங்க."

"மொத நாளு சொல்லலாம். மறுநாளு?"

நான் விடவில்லை. நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். டின்னைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அன்று அவர் பையில் இருந்தது முத்துச்சிப்பிப் பேனாக்கத்தி. அதையும் கேட்டேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது எங்களவர் நம்பிக்கை, அதனால் மெஷின் பலகை மேல் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். மெஷின் இழுப்பறைக்குள் நூல்கண்டுகளோடு போட்டு மூடினேன். ரொம்பப் புத்திசாலித்தனமான காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

பத்து நாள் அவர் கத்தி இல்லாமல் போய் வந்தார். "கிராணி, கத்தி?" என்று ஒரு நாளைக்கு இருபது பேர் கேட்டார்களாம். முதல் நாள் மறதி, இரண்டாம் நாள் தீட்டக் கொடுத்திருக்கிறது, மூன்றாம் நாளுக்குமேல் பொய்யும் தீர்ந்துபோயிற்று. கூட வேலை பார்த்த சந்திரசேகரன், சின்ன வயசுக்காரன், கேலிக்காரன், "அண்ணி புடுங்கி வச்சுக்கிட்டாங்களா அண்ணே?" என்று கேட்டுச் சிரித்தானாம். இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டாராம். பொய் சொல்லத் தெரியாத மனுஷருக்கு அது ஒன்றுதான் உண்மையாகச் சொல்லக் கிடைத்தது.

பதினோராம் நாள் மத்தியானம் சந்திரசேகரனே எங்கள் சந்துக்கு வந்தான். வழக்கமாக உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவன். அன்று சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றான். அவன் நின்ற இடத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"அண்ணனை ஆஸ்பத்திரியில வச்சுட்டாங்க அண்ணி" என்றான்.

அன்று கப்பல் நாள். சாமான் ஏற்ற நேரம் இல்லை. துரை வந்து நின்றுகொண்டு, பாக்கைச் சீக்கிரம் பார்த்துச் சொல் என்றிருக்கிறார். பத்து நாளாக இவர் வைத்துச் சமாளித்த பாக்குவெட்டி எங்கோ போயிருந்தது. சந்திரசேகரன் தன் கத்தியைத் திறந்து மூட்டை மேல் வைத்தான். பாசாரில் வாங்கிய மட்டக் கத்தி, வில் தளர்ந்தது. இவர் எடுத்துப் பாக்கின் கண்ணில் வைத்து அழுத்தியிருக்கிறார். வில் நிற்கவில்லை. கத்தி மடங்கி அவர் விரல்கள் மேலேயே விழுந்தது. அது தெரியாமல் இன்னும் பலமாக அழுத்தினார். அப்புறம் இன்னும் பலமாக. ரத்தம் பாக்கு மேலும் மூட்டை மேலும் வழிகிறது. "அண்ணே, கை!" என்று சந்திரசேகரன் அலறியிருக்கிறான்.

"அண்ணன் என்னைப் பாத்து என்னா சொன்னாரு தெரியுமா அண்ணி? இந்தப் பாக்கு ரொம்ப இறுகலா இருக்குடா தம்பின்னாரு. ரெண்டு வெரல்ல எலும்பு தெரியுது. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

துரை பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். மலாய்க்காரக் கூலி ஒருவன்தான் முதலில் பின்னால் நகர்ந்தானாம். பிறகு எல்லாரும்.

"நான் கத்தி குடுக்காம இருந்திருந்தா..." என்று சந்திரசேகரன் அழுதான். நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை.  அவர் தன் கத்திகளின் வில்லெல்லாம் அறிந்தவர். எது இறுகல், எது நழுவும், எதை எவ்வளவு அழுத்தலாம் என்று விரல் செத்த பிறகும் கண்ணால் பார்த்தே ஓட்டியிருக்கிறார். சொந்தக் கத்தியோடு ஆறு மாசம் ஊரை ஏமாற்றிய மனுஷரை நான் பத்து நாளில் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சுகாதார ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர் படுத்த பாய், உடுத்த துணி, சாப்பிட்ட தட்டு எல்லாவற்றையும் சந்து முனையில் குவித்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். டின்னையும் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மான்கொம்பு எரிகிற நாற்றம் முடி தீய்கிற நாற்றம் போலத்தான் இருக்கிறது. அவிந்த பிறகு போய்ப் பார்த்தேன். அலகுகள் நீலமும் கருப்புமாகக் கிடந்தன. நெருப்பில் வெந்த எஃகு திரும்பக் கூர் பிடிக்காது என்று அவர் அடிக்கடி சொல்வார். கடைசியில் நிஜமாகவே அத்தனையும் மழுங்கல் ஆயின.

பக்கத்து வீட்டுக்காரி, சித்தி ஹாஜரா என்று பெயர், தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பிக் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டேதான் கேட்டாள். துணியை மடித்துச் சுவர் மேல் வைத்தேன். ஒரு குச்சியால் இழுத்து எடுத்துக்கொண்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன், அவளுக்கு நாலு பிள்ளைகள்.

போகும்போது சுகாதார ஆட்களின் மேஸ்திரி, அவன் தமிழன், எனக்கு நல்ல சேதி சொல்வதுபோல ஒன்று சொன்னான்.

"வெள்ளிக்கிழமை நீயும் ஆஸ்பத்திரிக்கு வரணும்மா. ஒன் ஒடம்பையும் டாக்டர் பாப்பாரு. நோவு இல்லன்னா நீ பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம், பயப்படாத."

"இருந்தா?"

"இருந்தா அவரோட நீயும் தீவுக்குப் போவணும்" என்றான்.

அவன் போன பிறகு நான் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். மூன்று நாள் இருந்தது. டாக்டர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், நானே பார்த்திருக்கிறேனே. குத்துவார்கள், தெரியக் கூடாது, அவ்வளவுதானே? என் தோளில் சின்ன வயதிலிருந்து ஒரு வெளிர்த் தேமல் உண்டு. அதை எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன். அன்று மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

தையல் ஊசி எனக்குப் பழகிப்போனது, அதற்கு நான் பெரிதாகப் பயப்படமாட்டேன். அதனால் அது போதாது. மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். நெருப்புக்குத் தப்பிய ஒரே கத்தி அங்கே நூல்கண்டுகளுக்கு நடுவில் கிடந்தது. அந்தப் பேனாக்கத்தியைத் திறந்து, எதிரில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முனையைப் புறங்கையில் வைத்துக் குத்தினேன். முதல் தடவை 'அம்மா' என்று வாய் சொல்லிவிட்டது. அடுத்த தடவை வாயைக் கட்டினேன், புருவம் நெளிந்தது. புருவத்தையும் கட்டினேன். முன்கை, தோள், கன்னம். எங்கே குத்துவார்கள் என்று தெரியாதே. மூன்று நாளும் சமைக்கவில்லை, தைக்க யாரும் துணி கொடுக்கவுமில்லை. வேறு வேலை இல்லாமல் இதைச் செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தபோது கத்தி முனை இறங்குகிறது, முகம் கல்லாட்டம் இருக்கிறது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. புருஷனோடு போகப்போகிற பெண்பிள்ளைபோல நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தனி அறை. அவர் ஜன்னல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு. என்னைக் கண்டதும் எழுந்தார், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். டாக்டர் வயதான வெள்ளைக்காரர், முகத்தில் கடுகடுப்பு இல்லை. காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் சூசை எங்கள் கோவில்காரர்தான், ஞாயிறுகளில் பார்த்த முகம். அவர்தான் தமிழில் சொன்னார்.

"கண்ண மூடிக்குங்க தங்கச்சி. எங்க தொட்டாலும் 'ம்'னு சொல்லுங்க. தெரியலன்னா சும்மா இருங்க."

பஞ்சால் தொட்டார்கள். சும்மா இருந்தேன். ஊசி இறங்கியது. சும்மா இருந்தேன். தோளில், முன்கையில், விரல் நுனியில், நகத்துக்குப் பக்கத்தில். நகத்துக்குப் பக்கத்தில் குத்தினதில் உயிர் போயிற்று. நான் அசையவில்லை. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். பேனா தாளில் கிறுகிறுக்கும் சத்தம் கேட்டது. எழுதுகிறார், என்னையும் எழுதுகிறார் என்று நெஞ்சு குதித்தது. கல்யாணத்தன்று கோவில் புத்தகத்தில் எங்கள் பெயரை எழுதியபோதுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. இங்கிலீஷில் ஏதோ சொன்னார், நாலைந்து வார்த்தை. எனக்குப் புரியவில்லை. பேனாச் சத்தம் நின்றது.  பிறகு மறுபடி ஊசி இறங்கியது, அதே இடத்தில். சும்மா இருந்தேன். இன்னொன்று. சும்மா இருந்தேன்.

"போதும் தங்கச்சி, கண்ணத் தொறங்க" என்றார் சூசை. "கீழ பாருங்க."

குனிந்து பார்த்தேன். என் இடது கால் கட்டை விரல் உள்பக்கமாக மடங்கி, தரையை அழுத்திக்கொண்டு நின்றது.

"ஊசி ஏறினா ஒனக்கு அந்த வெரலு மடங்கும் ஜூலியானா" என்றார் என் புருஷன். "கையி அசையாது, மொகம் அசையாது, வெரலு மட்டும் மடங்கும். நீ மெஷின்ல ஒக்காந்து தைக்கிறப்ப கீழ ஒக்காந்து பதினோரு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்லா."

எனக்கு அது தெரியாது. என் கால் விரலைப் பற்றி எனக்கே தெரியாது. மூன்று நாள் கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மடச்சி நான்.

"யாரு கேட்டா உங்கள?" என்று கத்தினேன். டாக்டர் இருக்கிறார், சூசை இருக்கிறார் என்றெல்லாம் பார்க்கவில்லை. "உங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா? நான் கேட்டேனா உங்கள? என்னா மனுஷன் நீங்க?"

"அங்க ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். நடுவுல வேலி. சூசைகிட்ட கேட்டுட்டேன். நீ வந்தாலும் என்கிட்ட வர முடியாது."

"வேலிக்கு அந்தப் பக்கமாவது இருப்பேன்ல!"

 அவர் என் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் குத்தின புள்ளிகள், தைத்துப் பழகின கை அல்லவா, வரிசையாக இருந்தன. எந்தக் கத்தி என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"நல்லா கூரா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். இருந்துச்சுங்க, ஒரு கத்தியும் மழுங்கல, எல்லாம் கூராத்தான் இருந்துச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். பாவி, நான் சொல்லவில்லை. கோபத்தில் முந்தானையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அவரைத் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்து, மனசு ஆறி, உள்ளே ஓடினபோது அறை காலியாக இருந்தது. பின்வாசல் வழியாக வண்டி போய்விட்டது என்றார்கள். ரிக்‌ஷா பிடித்துப் படகுத்துறைக்குப் போனேன். படகும் போய்விட்டிருந்தது.

தீவிலிருந்து ஆறு கடிதம் வந்தது. முதல் நான்கும் அவர் கையெழுத்து, ஒன்றைவிட ஒன்று கோணல். ஐந்தாவதும் ஆறாவதும் வேறு யாரோ எழுதினது. அங்கே நோயாளிகளுக்குக் கத்தி கொடுப்பதில்லை, வெட்டிக்கொண்டாலும் தெரியாது என்பதால் மாம்பழத்தைக்கூட நறுக்கித்தான் தருகிறார்கள் என்று ஒன்றில் எழுதியிருந்தார். முப்பத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில் எங்கள் கோவில் சாமியார் வந்து அவர் இறந்த சேதி சொன்னார். அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். நானும் பூசை வைத்தேன், கறுப்பு உடுத்தினேன், செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நேரில் சொல்லாத, கடிதத்திலும் எழுத வராத பதில் இன்னும் என் தொண்டையில்தான் இருக்கிறது. அதை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்ல முடியவில்லை. இது என்ன பாவம் என்று சாமியாருக்கே தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து ஒவ்வொருவராகத் துணி கொண்டுவர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் சித்தி ஹாஜராதான். பகலெல்லாம் தைக்கிறேன். கண் முன்னைப்போல இல்லை, அடிக்கடி ஊசி விரலில் ஏறிவிடுகிறது. ஏறியதும் கையைப் பார்ப்பதில்லை, குனிந்து காலைப் பார்க்கிறேன். அந்த விரல் மடங்கித்தான் இருக்கிறது. கீழே உட்கார்ந்து அதைப் பார்க்க ஆள் இல்லை.